“படிக்க மட்டும்தானே செருகினேன்... ஏன் எல்லா விளக்கும் எரிந்தது?”

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் கடிதம் இது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவர். காரின் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற வயர் வலையின் செய்திகளைப் படித்துப் பார்க்கும் ஆசையில், மலிவான யுஎஸ்பி-கேன் அடாப்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். கட்டைவிரல் அளவுப் பெட்டி. ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் எச் (கேன் ஹை), எல் (கேன் லோ), ஜி (கிரவுண்ட்) என்று மூன்று திருகுகள், பக்கவாட்டில் இரண்டு குட்டி சுவிட்சுகள். பத்து வருடப் பழைய அப்பாவின் காரில், ஸ்டீயரிங்குக்குக் கீழே, பழுது பார்க்கும் ஸ்கேனரைச் செருக வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆம் பின்களில் ஜம்பர் வயரைச் செருகி எச், எல் இரண்டையும் இணைத்தார். ஜி-யை விட்டுவிட்டார். ‘கேன் பஸ்ஸின் முனையில் 120 ஓம் இருக்க வேண்டும்’ என்று எங்கோ படித்ததால் அதற்கான சுவிட்சையும் போட்டார்.

இன்ஜின் ஐடிலில் ஓடுகிறது. அடாப்டரோடு வந்த மென்பொருளைத் திறந்தால் திரை காலி. பிட் ரேட்டை (செய்தி ஓடும் வேகம், கிலோபிட்டில்) 1000, 800, 250, 125 என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றும் வராததால், 10 மில்லி விநாடிக்கு ஒரு முறை சோதனைச் செய்தி அனுப்பும் பெட்டியில் டிக் செய்தார். சில நொடிகளில் ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், இன்ஜின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. பதறி வயரைப் பிடுங்கிவிட்டார். மறுநாள் ஏபிஎஸ், ஸ்டீயரிங் விளக்குகள் அணைந்தன. இன்ஜின் விளக்கு மட்டும் நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்ததில் யு 0100, யு 0121 என்று இரண்டு குறியீடுகள். “இசியு போயிருக்கும், மாற்றணும்” என்றார்களாம். (இசியு என்பது இன்ஜின், பிரேக் போன்ற ஒவ்வொன்றையும் நடத்தும் கணினிப் பெட்டி.) அப்பா அதே காரில்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறார், கோபத்தோடு.

பிறகு அண்ணனின் புதுக் காரில், இந்த முறை 500-ல் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு செய்திகூட வரவில்லை. அவருடைய கேள்விகள் நான்கு: நான் இசியுவை எரித்துவிட்டேனா? அடாப்டர் போலியா, செத்துவிட்டதா? படிப்பதற்கு மட்டும் என்றால் வண்டி ஓடும்போதும் செருகியே வைக்கலாமா? கதவு லாக் செய்தியைப் பதிவு செய்து திரும்ப அனுப்பினால் கதவு திறக்குமா?

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். இசியு எரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆதாரம் நீங்கள் அனுப்பிய குறியீடுகளிலேயே இருக்கிறது. யு-வில் தொடங்குபவை நெட்வொர்க் பற்றிய புகார்கள். யு 0100 என்றால் ‘இன்ஜின் இசியுவிடமிருந்து செய்தி வரவில்லை’, யு 0121 என்றால் ‘ஏபிஎஸ் இசியுவிடமிருந்து வரவில்லை’. இதை எழுதி வைத்தது காணாமல் போன இசியு அல்ல. அதன் செய்திக்காகக் காத்திருந்து ஏமாந்த இன்னொரு இசியு. இன்ஜின் இசியு செத்திருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. உங்கள் அப்பா தினமும் வேலைக்குப் போய் வருகிறார். ஆகவே, அளந்து பார்க்காமல் இசியு மாற்ற யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.

என்ன நடந்தது?

‘படிக்க மட்டும்தான் செருகினேன்’ என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும். நார்மல் மோடில் (கேட்கவும் பேசவும் செய்யும் மோடில்) திறந்த கேன் அடாப்டர், வேடிக்கை பார்க்கும் கருவி அல்ல. ஏபிஎஸ், இன்ஜின் இசியுக்களுக்கு அந்தப் பஸ்ஸில் என்ன அதிகாரம் உண்டோ, அதே அதிகாரம் அதற்கும் வந்துவிடுகிறது. நீங்கள் ஒரு செய்தியும் அனுப்பாவிட்டாலும்.

பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட கேன் பஸ்ஸில் தலைவர் என்று யாரும் கிடையாது. இரண்டே வயர்கள். அமைதியாக இருக்கும்போது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். யாராவது 0 பிட் அனுப்பினால் கேன் ஹை 3.5-க்கு ஏறும், கேன் லோ 1.5-க்கு இறங்கும். பஸ்ஸில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு செய்தியையும், தனக்கு வேண்டாததாக இருந்தாலும், சரிபார்க்கிறார்கள். சரியாக வந்தால் கடைசியில் ஒரு பிட்டால் ‘வந்தது’ என்று சொல்வார்கள். தவறாகத் தெரிந்தால் தொடர்ந்து ஆறு 0 பிட்களை அடித்து அந்தச் செய்தியை எல்லோருக்குமே கெடுத்துவிடுவார்கள். ஒருவருக்குப் புரியாதது யாருக்கும் போய்ச் சேரக் கூடாது என்பது கேனின் விதி. பிரேக், ஸ்டீயரிங் சமாசாரங்களுக்கு அது நல்ல விதிதான். பிட் ரேட் தவறாக வைத்த விருந்தாளி வந்து உட்காரும்வரை.

உங்கள் அப்பாவின் கார் ஓபிடி பின்களில் 500 கிலோபிட்டில் பேசுவதாக வைத்துக்கொள்வோம். அந்த வயதுக் கார்களில் பெரும்பாலும் அதுதான். ஒரு பிட்டின் நீளம் 2 மைக்ரோ விநாடி. நீங்கள் 250 வைத்தபோது அடாப்டர் 4 மைக்ரோ விநாடிக்கு ஒரு பிட் என்று எண்ணுகிறது. வருவதெல்லாம் அதற்குக் குப்பை. உடனே தன் கணக்கில் ஆறு பிட் பிழைக் கொடியைத் தூக்குகிறது: 24 மைக்ரோ விநாடி, அதாவது காரின் கணக்கில் 12 பிட் நீளம். ஐந்துக்கு மேல் ஒரே மாதிரி பிட் தொடர்ந்தால் பிழை என்பது பஸ்ஸின் அடிப்படை விதி. எல்லா இசியுவும் ஓடிக்கொண்டிருந்த செய்தியைத் தூக்கி எறிகின்றன.

கேனை வடிவமைத்தவர்கள் இப்படிப்பட்ட விருந்தாளியை யோசிக்காமல் இல்லை. ஒவ்வொரு கண்ட்ரோலருக்குள்ளும் பிழை எண்ணி இருக்கிறது. 127-ஐத் தாண்டினால் பிறர் செய்தியைக் கெடுக்கும் உரிமை பறிபோகும். அனுப்பும் எண்ணி 255-ஐத் தாண்டினால் பஸ்ஸை விட்டே வெளியேற வேண்டும். வெறும் தவறான பிட் ரேட் மட்டும் என்றால் உங்கள் அடாப்டர் சில மில்லி விநாடிகளில் தானாக அடங்கியிருக்கும். நீங்கள் அதை அடங்க விடவில்லை. பிட் ரேட்டை மாற்றும்போதெல்லாம் எண்ணி பூஜ்யத்துக்குத் திரும்பி, உரிமை புதுப்பிக்கப்பட்டது. அதன் மேல் 10 மில்லி விநாடிக்கு ஒரு சோதனைச் செய்தி, தவறான வேகத்தில். வெளியேற்றப்பட்டாலும் தானாகவே திரும்பி வரும்படி பல மலிவு அடாப்டர்களின் ஃபர்ம்வேரில் (உள்ளே பதித்த மென்பொருளில்) எழுதியிருப்பார்கள். வெளியே போ, உள்ளே வா, மறுபடி போ என்று அது சுற்றிக்கொண்டிருந்தபோது, காரின் சொந்த இசியுக்களின் எண்ணியும் கெட்டுப்போன ஒவ்வொரு செய்திக்கும் 8 வீதம் ஏறியது. தொடர்ந்து 32 முறை தோற்றால் 256. நல்ல இசியுவும் பஸ்ஸை விட்டு வெளியேறும். இன்ஜின் இசியுவின் செய்தி வராததால் மீட்டர் போர்டு முள்ளைக் கீழே போட்டது. மற்றவை யு குறியீட்டை எழுதி விளக்கைப் போட்டன. எதுவும் எரியவில்லை, எல்லாம் விதிப்படி நடந்தது.

120 ஓம் சுவிட்ச் இதில் துணைக் குற்றவாளிதான். நீங்கள் படித்த வாக்கியம் சரி, இடம்தான் தவறு. பஸ்ஸின் இரண்டு முனைகளும் காருக்குள்ளேயே இருக்கின்றன, இரண்டிலும் ஆளுக்கொரு 120 ஓம் ஏற்கெனவே உண்டு. இணையாகச் சேர்ந்து 60. உங்கள் அடாப்டர் முனை அல்ல, நடுவில் ஒட்டிய கிளை. மூன்றாவதாக ஒரு 120 சேர்ந்தால் 40 ஆகிவிடும். டிரான்ஸீவர்கள் (பஸ் வயரோடு நேராகப் பேசும் சிப்கள்) 50 முதல் 65 ஓம் சுமைக்கு வடிவமைக்கப்பட்டவை. 40-லும் பல நேரம் ஓடும். ஆனால் மின்னழுத்த வித்தியாசம் குறைந்து, விளிம்பில் இருக்கும் பஸ் தடுமாறும். காரில் அந்தச் சுவிட்ச் எப்போதும் ஆஃப். கிளை வயரும் குட்டையாக, முறுக்கிய ஜோடியாக இருக்கட்டும்.

இசியு மாற்றும் முன் நான்கு படிகள்

சாதாரண மல்டிமீட்டர் போதும். காத்திருக்கும் நேரம் போக, உங்களால் பத்து நிமிடத்தில் முடியும்.

1. இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாக் கதவுகளையும் மூடி, இசியுக்கள் தூங்கப் பத்து நிமிடம் விடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினால் இன்னும் நிச்சயம்; ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் கார் என்றால் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். மின்சாரம் ஓடும்போது ஓம் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

2. 6-க்கும் 14-க்கும் இடையே சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டித்திருக்கிறது. 40 வந்தால் வேறு ஏதோ கருவி மூன்றாவது 120-ஐச் சேர்த்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஷார்ட். நடுவில் கேட்வே (காவல் நிற்கும் இசியு, பின்னால் வருகிறது) இருக்கும் கார்களில் மட்டும் இந்த எண் வேறு மாதிரி வரலாம்.

3. பேட்டரியைக் கழற்றியிருந்தால் மாட்டிவிட்டு, இக்னிஷன் ஆன். பின் 5-ஐ கிரவுண்டாக வைத்து அளந்தால் கேன் ஹையில் 2.5-க்குச் சற்று மேல், லோவில் சற்றுக் கீழ். இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வரும். மீட்டர் காட்டுவது சராசரி என்பதால் 3.5-ஐ எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

4. டார்ச் அடித்து 6, 14 ஆம் துளைகளைப் பாருங்கள். தடித்த ஜம்பர் வயர் முனை துளைக்குள் இருக்கும் தகட்டை (பெண் டெர்மினலை) விரித்துவிடும். அதன் பிறகு ஸ்கேனர் செருகினால் ஒரு நேரம் பேசும், ஒரு நேரம் பேசாது. ‘இசியு பதில் சொல்லவில்லை’ என்ற தீர்ப்புகளில் சில இந்த விரிந்த தகட்டிலிருந்து வருபவை. இனி 16 பின் ஓபிடி ஆண் கனெக்டர் ஒன்றில் வயரைச் சாலிடர் செய்து பயன்படுத்துங்கள்.

நான்கும் சரியாக இருந்தால், குறியீடுகளைக் குறித்துக்கொண்டு சாதாரண ஸ்கேனரில் அழித்துவிடச் சொல்லுங்கள். அழிக்காவிட்டாலும், பழுது திரும்ப வராவிட்டால், மூன்று ஓட்டச் சுழற்சிகளில் இன்ஜின் விளக்கு தானாக அணைய வேண்டும் என்பது ஓபிடி-2 விதி. குறியீடு நினைவிலிருந்து போக 40 வார்ம்-அப் (இன்ஜின் குளிர்ந்து மறுபடி சூடேறும்) சுழற்சி ஆகும். புகையோடு சம்பந்தப்படாத இசியுக்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

விட்டுவிட்ட ஜி பற்றி ஒரு வார்த்தை. இவ்வகை அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் ஐசோலேஷன் (இரு பக்க மின்சுற்றுகளையும் பிரித்து வைக்கும் தடுப்பு) இல்லை; காரின் கிரவுண்டும் லேப்டாப்பின் கிரவுண்டும் ஒன்றாகிவிடும். சார்ஜர் செருகிய லேப்டாப்பாக இருந்தால் அதன் மிதக்கும் மின்னழுத்தமும் கூடவே வரும். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். ஜி-யைப் பின் 5-ல், மற்ற இரண்டுக்கும் முன்னதாக இணையுங்கள். பின் 16-ல் இக்னிஷன் அணைந்திருந்தாலும் பேட்டரியின் 12 வோல்ட் நேராக இருக்கும். அது தவறிக் கேன் வயரைத் தொட்டாலும் காரின் கேன் டிரான்ஸீவர்கள் அந்த ஷார்ட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட் அப்படி அல்ல.

அண்ணன் காரில் ஏன் மௌனம்?

அடாப்டர் செத்ததால் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். புதிய கார்கள் பலவற்றில் ஓபிடி சாக்கெட்டுக்கும் உள்ளே இருக்கும் பஸ்களுக்கும் நடுவே கேட்வே என்றொரு இசியு காவல் நிற்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கில் செய்திகள் ஓடினாலும் சாக்கெட்டில் ஒன்றும் கசியாது. கேட்டால் மட்டும் பதில் வரும். ஆக, காலித் திரை அங்கே இயல்பு.

கேட்பது எப்படி என்று ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். 500 கிலோபிட், 11 பிட் ஐடி (செய்தியின் அடையாள எண்). 7டிஎஃப் என்ற ஐடியில் இந்த எட்டு பைட்டுகள்:

02 01 05 00 00 00 00 00

02 என்றால் அடுத்து இரண்டு பைட் பொருளுள்ளவை. 01 என்றால் தற்போதைய மதிப்பு வேண்டும். 05 என்றால் கூலன்ட் வெப்பநிலை. இன்ஜின் இசியு 7இ8 என்ற ஐடியில் இப்படிப் பதில் தரும்:

03 41 05 78, பிறகு நிரப்பு பைட்டுகள்.

41 என்பது உங்கள் 01-ன் எதிரொலி, 40 கூட்டப்பட்டது. இவை எல்லாம் ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட) எண்கள்; 78 என்பது தசமத்தில் 120. அதில் 40-ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ். இந்த ஒரு வரி வந்துவிட்டால் வயர், பிட் ரேட், அடாப்டர், மென்பொருள் நான்கும் ஒரே அடியில் சரி என்று தெரிந்துவிடும். சில கார்களில் இதே கேள்வியை 29 பிட் ஐடியில் கேட்க வேண்டும்.

புதுக் காரில் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்வேயைத் தாண்ட உள் வயரிங்கைச் சுரண்டிக் கிளை எடுக்கும் வழிகள் வலையில் கிடைக்கும். வாரண்டியில் இருக்கும் காரின் வயரிங்கில் கத்தி வைத்தால், பிறகு வரும் எந்த மின்பழுதுக்கும் அந்த வெட்டுதான் காரணம் என்று சொல்ல நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறீர்கள். ஓபிடி சாக்கெட் வழியாக முறையான கேள்வி கேட்பது அதற்கென்றே வைத்த வாசலில் நிற்பது. இரண்டும் வேறு.

புதுக் காரில் இன்னொரு பொறி கேன் எஃப்டி. 2012-ல் வந்த இந்த விரிவாக்கத்தில் ஒரு செய்தியில் 64 பைட் வரை போகும், நடுவில் வேகமும் கூடும். உங்கள் அடாப்டர் பழைய கேன் மட்டும் அறிந்தது. எஃப்டி செய்தி ஓடும் பஸ்ஸில் அதை நார்மல் மோடில் வைத்தால், பிட் ரேட் சரியாக இருந்தும், புரியாத செய்திக்கெல்லாம் பிழைக் கொடி தூக்கும். அப்பாவின் காரில் நடந்த கூத்து திரும்ப நடக்கும்.

அடாப்டர் நல்லதா, செத்ததா?

நீங்கள் விவரித்த பெட்டி போலி அல்ல, எளிமையான கருவி. உள்ளே ஒரு மைக்ரோ கண்ட்ரோலர், ஒரு கேன் டிரான்ஸீவர், யுஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாகக் காட்டும் சிப். மேஜையில் தனியாக வைத்துச் செய்தி அனுப்பினால் பிழை என்றுதான் சொல்லும். ‘வந்தது’ என்று சொல்ல எதிரில் ஆள் இல்லை. இதைப் பார்த்துப் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். லூப்பேக் மோடில் (அனுப்பியதைத் தனக்குள்ளேயே திருப்பி வாங்கும் மோடில்) செய்தி திரும்பி வந்தால் கண்ட்ரோலர் நலம். டிரான்ஸீவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

முழுச் சோதனைக்கு இன்னொரு அடாப்டர் வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும். எச்சுக்கு எச், எல்லுக்கு எல், ஜிக்கு ஜி. இரண்டிலும் 120 ஓம் சுவிட்ச் ஆன். அந்தச் சுவிட்ச் இருப்பதே இதற்குத்தான். ஒரே பிட் ரேட், இரண்டும் நார்மல் மோடு. ஒன்றில் அனுப்பியது மற்றதில் வர வேண்டும். வராவிட்டால் ஒரு பக்கத்து எச், எல்லை மாற்றிப் பாருங்கள். பெட்டியின் மேல் எழுத்தைத் தலைகீழாக அச்சிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. மாற்றிக் கொடுத்தால் எதுவும் கெடாது, வேலை மட்டும் செய்யாது.

இதே அமைப்பில் இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அப்பாவின் காருக்குப் பக்கத்திலேயே போக வேண்டாம். உங்கள் அடாப்டரைச் சைலன்ட் மோடில் வையுங்கள்; சில மென்பொருள்களில் அதற்கு லிசன்-ஒன்லி என்று பெயர். அந்த மோடில் அது ‘வந்தது’ என்ற பிட்டைக்கூடப் போடக் கூடாது. எதிர் அடாப்டரிலிருந்து ஒரு செய்தி அனுப்புங்கள். உங்கள் திரையில் செய்தி வந்து, அனுப்பிய பக்கம் ‘யாரும் ஏற்கவில்லை’ என்று பிழை காட்டித் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தால், சைலன்ட் மோடு நிஜம். அனுப்பிய பக்கம் வெற்றி என்று சொன்னால், உங்கள் அடாப்டர் மெனுவில் சைலன்ட் என்று காட்டிவிட்டு உள்ளே பேசிக்கொண்டிருக்கிறது. சில ஃபர்ம்வேர்கள் கட்டளையை வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும். அப்படிப்பட்டதைக் காரில் செருகாதீர்கள்.

வேகத்திலும் ஒரு பலவீனம் உண்டு. எட்டு பைட் செய்தி ஒன்று குறைந்தது 111 பிட். 500 கிலோபிட்டில், பாதிச் சுமையில், நொடிக்குச் சுமார் 2000 செய்திகள். எழுத்து வடிவில் ஒவ்வொன்றையும் யுஎஸ்பிக்கு அனுப்ப 22 எழுத்துகள் வேண்டும், மொத்தம் 44,000. சீரியல் போர்ட் 1,15,200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) என்றால் நொடிக்கு 11,520 எழுத்துகள்தான் போகும். நான்கில் மூன்று செய்தி சத்தமில்லாமல் கொட்டிப்போகும், நீங்கள் தேடியது அதில் ஒன்றாக இருக்கும். மென்பொருளில் 20,00,000 பாட் தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இனி வாங்குவதானால் கேண்டில்லைட் என்ற ஃபர்ம்வேர் ஓடும் வகையைப் பாருங்கள். லினக்ஸ் கர்னலில் 2008 முதல் இருக்கும் சாக்கெட்கேன் என்ற கேன் வசதி, அதை நெட்வொர்க் கார்டு போலவே நடத்தும். தனி டிரைவர் தேவைப்படாது. ஐசோலேஷன் இருப்பதும், 120 ஓம் ஜம்பர் கழற்றக்கூடியதாக இருப்பதும் அடுத்த தகுதிகள். எஃப்டி உங்களுக்கு இப்போது அவசியமில்லை.

மறுபடி படிக்கும்போது

வண்டி நிற்கட்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். முதலில் மென்பொருளில் சைலன்ட் மோடு, 500 கிலோபிட். அதன் பிறகுதான் வயர். 120 ஆஃப். அனுப்பும் பெட்டியில் எந்த டிக்கும் இல்லை என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். சில மென்பொருள்கள் போன முறை வைத்த டிக்கை ஞாபகம் வைத்திருக்கும். இப்போது தவறான பிட் ரேட் வைத்தாலும் பிழை உங்கள் திரையோடு நிற்கும், காருக்குத் தெரியாது. 500-ல் குப்பையோ மௌனமோ என்றால் 250, பிறகு 125. சரியான ரேட்டில் பிழை எண்ணிக்கை அசையாமல் நிற்கும், ஐடிகள் ஒழுங்கான இடைவெளியில் வரும்: சில 10 மில்லி விநாடிக்கு ஒன்று, சில 100-க்கு ஒன்று.

ஒன்றும் தொடாமல் 30 விநாடி பதிவு செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு செயல். பிரேக்கை ஐந்து முறை மிதியுங்கள், வேறெதுவும் வேண்டாம். ஐந்து முறை மாறிய பைட்டைத் தேடுங்கள். லினக்ஸில் கேன்ஸ்னிஃபர் என்ற நிரல் மாறும் பைட்டை நிறத்தில் காட்டும். ஒவ்வொரு செய்தியிலும் ஒன்று கூடிக்கொண்டே போய் 15-க்குப் பிறகு 0-வுக்குத் திரும்பும் அரை பைட் ஒன்றும், அதனோடு சேர்ந்து துள்ளும் இன்னொரு பைட்டும் பல செய்திகளில் தெரியும். அவை தகவல் அல்ல: முதலாவது வரிசை எண், இரண்டாவது செக்சம் (செய்தி கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்). அவற்றைப் பிரேக் சிக்னல் என்று நினைத்து மாலை முழுதும் செலவழிக்காதீர்கள்.

செருகியே வைப்பதும், திரும்ப அனுப்புவதும்

மூன்றாவது கேள்விக்கு: வேண்டாம். காரணம் மின்சாரம் மட்டுமல்ல. சாக்கெட் பெடலுக்கு மேலே இருக்கிறது. தொங்கும் கேபிளும் பிரேக் பெடலும் சந்திக்கக் கூடாது. பாதுகாப்பு இல்லாத அடாப்டரில் லேப்டாப் தூங்கி எழுந்து, மென்பொருள் மறு தொடக்கமாகி, நார்மல் மோடில் திறந்தால், அது நடப்பது ஓடும் வண்டியில். நிறுத்தியிருக்கும்போதும் பஸ்ஸில் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் இசியுக்கள் தூங்காது. தூங்கிய கார் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே குடிக்கும். விழித்திருக்கும் கார் 2 ஆம்பியர் குடித்தால் 20 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-ஹவர், காலையில் ஸ்டார்ட்டர் கிளிக் என்று மட்டும் சொல்லும். ஓடும்போது பதிவு வேண்டுமென்றால், சைலன்ட் மோடு சோதித்த அடாப்டர், கேபிளைப் பக்கவாட்டில் கட்டி, லேப்டாப் பக்கத்து இருக்கைக்காரர் மடியில். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது.

கதவு லாக் செய்தி? அநேகமாகத் திறக்காது, ஏன் என்பது சுவாரசியம். லாக் வேலை பல கார்களில் பாடி பஸ்ஸில் (கதவு, விளக்கு போன்றவற்றுக்கான தனி பஸ்ஸில்) நடக்கிறது. நீங்கள் செருகும் 6, 14 பின்களுக்கு அது வராமலே போகலாம். வந்தாலும், நீங்கள் பதிவு செய்தது பெரும்பாலும் ‘கதவு பூட்டியிருக்கிறது’ என்ற நிலைத் தகவலாக இருக்கும், ‘பூட்டு’ என்ற கட்டளை அல்ல. கட்டளையே கிடைத்தாலும் வரிசை எண்ணும் செக்சமும் பழையவை, இசியு ஒதுக்கிவிடும். அதையும் தாண்டி, உண்மையான இசியு அதே ஐடியில் 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை பேசிக்கொண்டிருக்கும்போது நீங்களும் அதே ஐடியில் பேசினால், இருவரும் ஒரே கணத்தில் தொடங்கும் நேரத்தில் பிட் மோதல் வரும். பிழை எண்ணி ஏறுவது அந்த இசியுவுக்கும்தான். ஆசை தீர வேண்டுமானால், பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் மீட்டர் போர்டு ஒன்றை 12 வோல்ட் சப்ளையில் மேஜைமேல் ஓட்டுங்கள். அங்கே 120 ஓம் சுவிட்ச் ஆன், நார்மல் மோடு. எதிரில் ‘வந்தது’ சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருப்பதால் சைலன்ட் மோடு அங்கே உதவாது. ஆர்பிஎம் முள்ளை உங்கள் செய்தியால் ஆட்டிப் பார்க்கலாம், யாருடைய பிரேக்கும் நடுவில் இல்லை. ஓடோமீட்டர் எண்ணை மட்டும், விற்கப்போகும் கார் எதிலும், தொடாதீர்கள். அது பல நாடுகளில் குற்றம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்: “ஓபிடியில் தவறான பிட் ரேட்டில் செய்தி அனுப்பிவிட்டேன்” என்ற ஒரு வாக்கியம் அவர்களுக்கு அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும். 60 ஓம் அளவைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அழித்த பிறகு யு குறியீடு திரும்ப வந்தால், குறியீட்டு எண்ணோடு, அதை எந்த இசியு பதிவு செய்தது, வண்டி அப்போது நின்றதா ஓடியதா என்பதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.